ஆவிக்குரிய சரீரம்: இதே உடலா, வேறொரு உடலா?

எஸ்தர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சமீபத்தில் ஓர் அடக்க ஆராதனைக்குப் போயிருந்தேன். போதகர் செய்தி கொடுக்கும்போது, "இங்கே கிடப்பது வெறும் கூடு. அவர் போய்விட்டார். இனி இந்த உடலுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை" என்றார். அதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் எல்லாரும் எழுந்து நின்று, "சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்று விசுவாசப்பிரமாணம் சொல்லியிருந்தோம். சம்பந்தமே இல்லையென்றால் உயிர்த்தெழப்போவது எந்தச் சரீரம்?

வீட்டுக்கு வந்து 1 கொரிந்தியர் 15-ஐ முழுவதுமாக வாசித்தேன். குழப்பம் கூடியதுதான் மிச்சம். 44-ஆம் வசனம், "ஜென்மசரீரம் விதைக்கப்படும், ஆவிக்குரிய சரீரம் எழுந்திருக்கும்" என்கிறது. 50-ஆம் வசனம் இன்னும் கடுமை: "மாம்சமும் இரத்தமும் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்கமாட்டாது." ஆனால் லூக்கா 24:39-இல் உயிர்த்தெழுந்த இயேசு கைகளையும் கால்களையும் காட்டி, தமக்கு மாம்சமும் எலும்புகளும் இருக்கின்றன, ஒரு ஆவிக்கு அப்படி இராது என்கிறார். பவுல் மாம்சம் நுழையாது என்கிறார், இயேசு மாம்சத்தோடு நிற்கிறார். இரண்டையும் எப்படிச் சேர்த்து வாசிப்பது? பெரியவர்கள் வசனத்தோடு விளக்கினால் நல்லது.

ஆவியின்வழி

சகோதரி, போதகர் சொன்னதே சரி. பவுல் எழுதியதை அப்படியே ஏற்றுக்கொண்டால் குழப்பம் வராது.

நீங்கள் 37-ஆம் வசனத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். "இனி உண்டாகும் மேனியை விதையாமல்" வெறும் விதையையே விதைக்கிறாய் என்று அங்கே இருக்கிறது. புதைக்கிற உடல் வேறு, எழும்புகிற உடல் வேறு. இதைவிட எப்படித் தெளிவாக எழுதுவது? 45-ஆம் வசனத்தில் பிந்தின ஆதாம் "உயிர்ப்பிக்கிற ஆவியானார்" என்கிறார். பேதுருவும் அதையே சொல்கிறார்: "மாம்சத்திலே கொலையுண்டு, ஆவியிலே உயிர்ப்பிக்கப்பட்டார்" (1 பேதுரு 3:18). கிறிஸ்து ஆவியாக எழுந்தார். நாமும் ஆவிக்குரிய உடலில் எழுவோம்.

லூக்கா 24-ஐப் பற்றி: சீஷர்கள் நம்புவதற்காக அவர் காணக்கூடிய உருவம் எடுத்தார். ஆபிரகாமின் கூடாரத்துக்கு வந்த மூன்று புருஷரும் வெண்ணெயும் பாலும் கன்றின் இறைச்சியும் சாப்பிட்டார்கள் (ஆதியாகமம் 18:8). அதனால் தேவதூதர்களுக்குச் சதை உண்டு என்று யாரும் சொல்வதில்லை. மீன் சாப்பிட்டதும் அப்படித்தான். பூட்டிய அறைக்குள் வந்து நிற்கிறார், எம்மாவு வீட்டில் கண்முன்னே மறைந்துபோகிறார், மரியாள் அவரைத் தோட்டக்காரன் என்று நினைக்கிறாள். சதையுடம்பு இதையெல்லாம் செய்யுமா?

பெரோயா

ஆவியின்வழி சகோவுக்கு என் பதில். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆதியாகமம் 18 நல்ல எடுத்துக்காட்டுதான். ஆனால் அந்த மூவருக்கும் பின்னால் காலியான கல்லறை ஒன்று இல்லை. யாரும் அவர்களை வெள்ளிக்கிழமை அடக்கம்பண்ணவில்லை. 1 கொரிந்தியர் 15:4-ஐப் பாருங்கள்: அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம்நாளில் உயிர்த்தெழுந்தார். இரண்டு வினைக்கும் எழுவாய் ஒருவரே. அடக்கம்பண்ணப்பட்டது எதுவோ அதுதான் எழுந்தது. ஆவியாக மட்டும் எழுந்திருந்தால் கல்லறைக்குள் இருந்த உடல் அங்கேயே கிடந்திருக்கும். சுருட்டித் தனியே வைக்கப்பட்டிருந்த தலைச்சீலையைப் பேதுரு பார்த்திருக்க மாட்டார், உடலைத்தான் பார்த்திருப்பார்.

லூக்கா 24:37-ஐயும் விட்டுவிட்டீர்கள். சீஷர்கள் பயந்து, "ஒரு ஆவியைக் காண்கிறதாக நினைத்தார்கள்." உங்கள் விளக்கப்படி அவர்கள் நினைத்தது சரி. ஆனால் இயேசு அந்த நினைப்பைத்தான் மறுக்கிறார். உண்மையில் ஆவியாக இருந்துகொண்டு, நான் ஆவி அல்ல, தொட்டுப்பாருங்கள் என்று அவர் சொன்னார் என்றால், அவர்களை ஏமாற்றினார் என்று ஆகும். அதை நான் ஏற்கமாட்டேன். நீங்களும் ஏற்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பேதுருவைச் சொன்னீர்கள். அதே பேதுரு பெந்தெகொஸ்தே நாளில், கிறிஸ்துவின் ஆத்துமா பாதாளத்தில் விடப்படுவதில்லை, "அவருடைய மாம்சம்" அழிவைக் காண்பதில்லை என்று தாவீதின் சங்கீதத்தை விளக்குகிறார் (அப்போஸ்தலர் 2:31). மாம்சம் அழிவைக் காணவில்லை என்று பிரசங்கித்தவர், மாம்சத்தை விட்டுவிட்டு ஆவியாக எழுந்தார் என்று நிருபத்தில் எழுதியிருப்பாரா?

எஸ்தர் கேட்ட 50-ஆம் வசனத்துக்கு வருகிறேன். "மாம்சமும் இரத்தமும்" என்று சேர்த்துச் சொல்லும்போது அது சதையைக் குறிப்பதில்லை, சாவுக்கு உட்பட்ட மனிதனைக் குறிக்கிறது. பேதுரு அறிக்கையிட்டபோது, மாம்சமும் இரத்தமும் இதை உனக்கு வெளிப்படுத்தவில்லை என்று இயேசு சொன்னார் (மத்தேயு 16:17). எந்த மனிதனும் சொல்லித்தரவில்லை என்பதே அங்கே பொருள். பவுலும் தம் அழைப்பைப் பற்றிச் சொல்லும்போது மாம்சத்தோடும் இரத்தத்தோடும் யோசனைபண்ணவில்லை என்கிறார் (கலாத்தியர் 1:16). 50-ஆம் வசனத்தின் பின்பாதியும் அழிவைத்தான் பேசுகிறது: அழிவுள்ளது அழியாமையைச் சுதந்தரிப்பதில்லை. இன்று நாம் இருக்கிற நிலையில், மாறாமல், உள்ளே போக முடியாது. அடுத்த வசனமே "நாமெல்லாரும் மறுரூபமாக்கப்படுவோம்" என்கிறது.

ஆவியின்வழி

பெரோயா சகோ, நிதானமாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் என் முக்கியமான கேள்விக்குப் பதில் வரவில்லை.

உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களில் தன் கையால் எழுதி வைத்துப்போன ஒரே ஆள் என்று உறுதியாகச் சொல்லத்தக்கவர் பவுல். அவர் என்ன கண்டார்? தமஸ்குவுக்குப் போகும் வழியில் வானத்திலிருந்து ஒளி, ஒரு குரல். மீன் இல்லை, காயம் இல்லை, தொட்டுப்பார்க்கச் சொல்லவும் இல்லை. அகிரிப்பா ராஜாவின் முன்னால் நிற்கும்போது அதைப் "பரமதரிசனம்" என்றே சொல்கிறார் (அப்போஸ்தலர் 26:19). 1 கொரிந்தியர் 15:5-8-இல் கேபாவுக்கு, அதாவது பேதுருவுக்குத் தரிசனமானார், பன்னிருவருக்கும் தரிசனமானார், ஐந்நூறு பேருக்கும் அதிகமானவர்களுக்குத் தரிசனமானார், யாக்கோபுக்கும் தரிசனமானார், கடைசியில் எனக்கும் தரிசனமானார் என்று ஒரே வரிசையில் வைக்கிறார். தமக்குக் கிடைத்தது ஒரு வகை, அவர்களுக்குக் கிடைத்தது வேறு வகை என்று எங்கும் பிரிக்கவில்லை.

சுவிசேஷங்களை ஒதுக்கிவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஆவிக்குரிய சரீரம் என்று எழுதிய மனிதர் தம் கண்ணால் கண்டதை வைத்தே எழுதியிருப்பார். அவர் கண்டது மகிமையின் ஒளி. சதையும் எலும்பும் அல்ல.

பழைய ஏடு

இருவரும் நன்றாக வாதாடுகிறீர்கள். நான் வரலாற்றுப் பக்கத்திலிருந்து மட்டும் ஒன்று சேர்க்கிறேன். நான் ஆராதனைக்குப் போகிறவன் இல்லை. ஆனால் இந்த நிருபத்தைப் பல காலமாக ஊன்றிப் படித்து வருகிறேன்.

இருவருமே ஒரு விஷயத்தை நிரூபிக்காமலே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். ஆவி என்றால் பொருள் அல்லாதது, சரீரம் என்றால் பொருள், ஆகவே "ஆவிக்குரிய சரீரம்" என்பது முரண் என்று எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு சண்டை போடுகிறீர்கள். பவுல் காலத்து கொரிந்துவில் இருந்த எல்லாரும் அப்படி நினைக்கவில்லை. பிளேட்டோ வழிவந்தவர்கள் ஆத்துமாவைப் பொருளற்றது என்றார்கள், உண்மை. ஆனால் ஸ்தோயிக்கர் என்ற இன்னொரு கிரேக்கத் தத்துவப் பிரிவினருக்கு ஆவியும் ஒரு பொருள்தான்: நெருப்பும் காற்றும் கலந்த, எல்லாவற்றிலும் ஊடுருவி நிற்கிற நுண்பொருள். சூரியனும் நட்சத்திரங்களும் அவர்களுக்கு உயிருள்ள, மேலான உடல்கள். இப்போது 40, 41 வசனங்களைத் திரும்ப வாசியுங்கள். வானத்துக்குரிய மேனிகள், பூமிக்குரிய மேனிகள், சூரியனுடைய மகிமை, சந்திரனுடைய மகிமை, நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் மகிமையில் விசேஷித்திருக்கிறது. அந்த ஊர் வாசகருக்கு இது விநோதமாகவே இருந்திருக்காது.

கொரிந்து எப்படிப்பட்ட ஊர் என்பதையும் மறக்க வேண்டாம். கி.மு. 146-இல் ரோமர்கள் இடித்துத் தள்ளி, கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் மறுபடியும் குடியேற்றிய நகரம். கிரேக்கத் தத்துவமும் ரோம வாழ்க்கையும் கலந்து கிடந்த இடம். பவுல் கி.பி. 50-களின் நடுப்பகுதியில் எபேசுவிலிருந்து இந்த நிருபத்தை எழுதுகிறார். அங்கே சிலர் உயிர்த்தெழுதல் இல்லை என்று சொன்னார்கள் (15:12). செத்த பிணம் எழுந்து நடப்பது படித்தவர்களுக்கு அருவருப்பாக இருந்திருக்கும். அத்தேனேயிலும் அதே கதைதான். பவுல் பேசிக்கொண்டிருக்கும்போது மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்றதும் "சிலர் இகழ்ந்தார்கள்" (அப்போஸ்தலர் 17:32). அப்படிப்பட்டவர்களுக்குப் பவுல் சொல்லும் பதில், நீங்கள் நினைக்கிற பிணம் எழாது, ஆனால் உடல் எழும் என்பது. இந்தப் பதில் ஆவியின்வழிக்கும் முழுதாக உதவாது, பெரோயாவுக்கும் முழுதாக உதவாது.

இன்னொன்று. லூக்காவும் பவுலும் ஒன்றையே சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. லூக்கா எழுதிய நேரத்தில், இயேசு தோன்றியது வெறும் பேயுரு என்று சொன்னவர்களுக்குப் பதில் தேவைப்பட்டிருக்கலாம். பவுலுக்கு எதிரே நின்றவர்கள் வேறு. இரண்டு பேரும் இரண்டு வேறு தவறுகளைத் திருத்துகிறார்கள். அழுத்தமும் அதற்கேற்ப வேறு வேறாக விழுகிறது.

பெரோயா

பழைய ஏடு ஐயா, இரண்டு தவறுகளைத் திருத்துகிறார்கள் என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். எஸ்தருடைய கேள்விக்குப் பாதிப் பதில் அதுதான். ஆனால் நுண்பொருள் விளக்கத்தில் எனக்கு ஒரு தடை இருக்கிறது.

இதே நிருபத்தில் பவுல் "ஆவிக்குரிய" என்று வேறு எங்கே எழுதுகிறார்? இரண்டாம் அதிகாரத்தில் ஜென்மசுபாவமான மனுஷன் ஒருவன், ஆவிக்குரியவன் ஒருவன் என்று இருவரை எதிரெதிரே நிறுத்துகிறார் (2:14, 15). அங்கே ஆவிக்குரியவன் நுண்பொருளால் ஆனவன் அல்ல. நம்மைப்போல எலும்பும் சதையுமாக நடமாடுகிறவன்தான். தேவனுடைய ஆவியால் நடத்தப்படுகிறான், அவ்வளவே வேறுபாடு. 15:44-இலும் அதே இரண்டும் எதிரெதிரே வருகின்றன. எதனால் செய்யப்பட்டது என்பதைவிட, எதனால் உயிர்வாழ்கிறது என்பதே அங்கே பேச்சு. ஆதாமிடமிருந்து வந்த உயிர் தீர்ந்துபோகும். கிறிஸ்துவின் ஆவியால் வரும் உயிர் தீராது.

ஆவியின்வழி சகோவின் தமஸ்கு வாதம் கனமானது, அதை லேசாக ஒதுக்க மாட்டேன். ஆனால் பவுல் தம்மைப் பிரிக்கவே இல்லை என்பது சரியல்ல. "எல்லாருக்கும் பின்பு, அகாலப்பிறவிபோன்ற எனக்கும்" என்கிறார். வரிசையில் சேர்க்கிறார், சேர்க்கும்போதே தமக்கு நேர்ந்தது காலம் தப்பியது என்றும் ஒப்புக்கொள்கிறார். ஒளியைக் கண்டார் என்பதனால் அந்த ஒளிக்குள் சரீரம் இல்லை என்று ஆகாது. மலையின்மேல் மறுரூபமானபோதும் முகம் சூரியனைப்போலப் பிரகாசித்தது. அது தொட்டுணரக்கூடிய அதே இயேசுதான்.

இப்போது நான் எல்லாரையும் ஓர் இடத்தில் நிற்கச் சொல்கிறேன். 53-ஆம் வசனம்: "அழிவுள்ளதாகிய இது அழியாமையையும், சாவுக்கேதுவாகிய இது சாவாமையையும் தரித்துக்கொள்ளவேண்டும்." அடுத்த வசனத்தில் மறுபடியும் இதே சொற்கள். இரண்டே வசனத்துக்குள் நான்கு முறை "இது" என்கிறார். அழிவுள்ளது போய் அழியாதது வரும் என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதவில்லை. அழிவுள்ள இதுவே அழியாமையைத் தரித்துக்கொள்ளும் என்கிறார். ஒன்றைத் தரிக்க வேண்டுமானால் தரிக்கிறவன் அங்கே இருக்க வேண்டும். அவனை எறிந்துவிட்டு வேறொருவனுக்கு உடுத்துவது தரிப்பதாகாது. ரோமர் 8:11-இலும் சாவுக்கேதுவான உங்கள் சரீரங்களை உயிர்ப்பிப்பார் என்றே இருக்கிறது. அதே அதிகாரத்தில், சரீர மீட்புக்காகக் காத்திருக்கிறோம் என்கிறார் (8:23). சரீரத்திலிருந்து மீட்பு என்று அங்கே இல்லை.

ஆவியின்வழி

சரி, "இது" என்று நான்கு முறை இருக்கட்டும். நடைமுறையில் யோசியுங்கள். எரிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கடலில் மூழ்கி மீனுக்கு இரையானவர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் புதைக்கப்பட்டவரின் உடல் மண்ணாகி, பயிராகி, வேறொருவரின் உடலாகவே ஆகியிருக்கும். அந்த "இது" யாருடையது? ஒரே துகள் இரண்டு பேருக்குச் சொந்தம் என்றால் உயிர்த்தெழுதல் நாளில் அது யாரிடம் போகும்? சதை உயிர்த்தெழும் என்று பிடிவாதமாகச் சொன்னால் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. புதிய, ஆவிக்குரிய உடலைத் தேவன் தம் சித்தப்படி கொடுக்கிறார் என்றால் இந்தச் சிக்கலே இல்லை. 38-ஆம் வசனமும் அதைத்தானே சொல்கிறது?

சூசை

நான் கத்தோலிக்கன். நாங்கள் "உடலின் உயிர்ப்பை நம்புகின்றேன்" என்று சொல்வோம். ஆவியின்வழி தம்பி கேட்ட கேள்வி திருச்சபைக்குப் புதியது அல்ல. இரண்டாம் நூற்றாண்டிலிருந்தே கேட்டு வருகிறார்கள்.

இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் அத்தெனாகோரஸ் பெயரில் வழங்கும் ஒரு பழைய நூல், மனிதனை மனிதன் தின்றால் அந்தச் சதை யாருக்கு என்பதையே எடுத்து வைத்துப் பதில் சொல்லப் பார்க்கிறது. ஒரு மனிதச் சதை இன்னொருவருக்கு இயற்கையான உணவு அல்ல, ஆகவே அது அவன் உடலில் ஒட்டாது என்பது அதன் பதில். எனக்கு அது போதவில்லை, சொல்லிவிடுகிறேன். புனித அகுஸ்தீன் வேறு விதமாகச் சொன்னார்: அது முதலில் யாருடையதோ அவருக்கே திரும்பும், காற்றில் கரைந்ததைக்கூடத் திரும்பக் கூட்டுவது படைத்தவருக்கு அரிதல்ல. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் என்ற இறையியலாளர் இன்னும் ஆழமாகப் போனார். உடல் ஓர் ஆற்றைப்போல ஓடிக்கொண்டே இருக்கிறது, நேற்றைய பொருள் இன்று இல்லை, ஆனால் குழந்தையாக இருந்த பேதுருவும் கிழவரான பேதுருவும் ஒருவரே, பொருள் மாறினாலும் உருவமைப்பு நிலைக்கிறது என்றார். ஒலிம்பு நகரத்து மெத்தோடியு இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அதாவது, நீங்கள் இங்கே போடுகிற வாதத்தை ஆயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே போட்டுவிட்டார்கள்.

ஒரிஜனின் முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் கண்ட உண்மை முக்கியமானது. உயிரோடு இருக்கும்போதே நம் உடலின் பெரும்பகுதிப் பொருள் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. பத்து வயதில் விழுந்து வாங்கிய தழும்பு அறுபதிலும் முழங்காலில் இருக்கிறது, ஆனால் அன்றைய தோலின் அணுக்கள் அங்கே இல்லை. தழும்பு என்னுடையதுதானே? அப்படியிருக்க, ஒரே உடல் என்று சொல்வதற்கு ஒவ்வொரு துகளும் திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனையைத் தேவன்மேல் எதற்குச் சுமத்த வேண்டும்?

சாம்பலைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். கி.பி. 177-இல், இன்றைய பிரான்சில் உள்ள லியோனில் கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்திக் கொன்றார்கள். அங்கிருந்த சபையார் எழுதிய கடிதத்தைத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் தம் வரலாற்றில் காப்பாற்றி வைத்திருக்கிறார். கொன்றவர்கள் உடல்களை ஆறு நாள் வெளியில் போட்டுவைத்து, பிறகு எரித்துச் சாம்பலை ரோன் நதியில் கலந்துவிட்டார்கள். இவர்களுக்கு உயிர்த்தெழும் நம்பிக்கையே இருக்கக் கூடாது, அந்த நம்பிக்கையால்தான் சாவுக்கு அஞ்சாமல் இருக்கிறார்கள், பார்ப்போம், இனி எப்படி எழுகிறார்கள் என்று சொன்னார்களாம். இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, அந்த விசுவாசிகள் ஆத்துமா மட்டும் பிழைக்கும் என்று போதித்திருந்தால் சாம்பலை ஆற்றில் விடுவதற்கு அவசியமே இல்லை. உடல் எழும் என்றுதான் ஊரே கேள்விப்பட்டிருக்கிறது. இரண்டு, சாம்பலை ஆற்றில் விட்ட பிறகும் அந்தச் சபை தன் நம்பிக்கையை மாற்றி எழுதவில்லை.

எங்கள் திருச்சபை நெடுங்காலம் தகனத்தை அனுமதிக்கவில்லை. 1963-இல் அனுமதித்தது, உயிர்ப்பை மறுக்கும் நோக்கத்தோடு செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு. 2016-இல் வந்த அறிவுறுத்தலில், சாம்பலைக் காற்றிலும் நீரிலும் தூவாமல் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்றார்கள். எரித்தால் தேவனால் எழுப்ப முடியாது என்ற பயம் அதற்குக் காரணம் அல்ல. இந்த உடல் தூக்கியெறியும் குப்பை அல்ல என்பதுதான் காரணம்.

ஆவியின்வழி

சூசை ஐயா, துகள்கள் திரும்ப வேண்டாம் என்று நீங்களே விட்டுவிட்டால், நான் சொல்லும் புதிய உடலுக்கும் நீங்கள் சொல்லும் அதே உடலுக்கும் என்னதான் வித்தியாசம்? பெயரில் மட்டும்தானே?

பெரோயா

பெயரில் மட்டும் இல்லை. உங்கள் விளக்கத்தில் பழைய உடலுக்கு நடப்பது சாவு, அதோடு அதன் கதை முடிந்தது. மரணம் அந்த உடலைக் கடைசிவரை தனக்கே வைத்துக்கொள்கிறது. தேவன் வேறு ஒன்றைக் கொடுத்துச் சமாளிக்கிறார். ஆனால் 54-ஆம் வசனம் "மரணம் ஜெயமாக விழுங்கப்பட்டது" என்கிறது. மரணம் பிடித்துவைத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அது எப்படி விழுங்கப்பட்டதாகும்?

கொரிந்துவில் இது வெறும் ஏட்டு விவாதமும் இல்லை. 6-ஆம் அதிகாரத்தில், உடல் எப்படியும் அழியத்தானே போகிறது, அதைக்கொண்டு என்ன செய்தால் என்ன என்ற போக்கில் வேசித்தனத்துக்குப் போனவர்களைப் பவுல் எதிர்கொள்கிறார். அவர்களுக்கு அவர் கொடுத்த பதில்: சரீரம் கர்த்தருக்கு உரியது, கர்த்தரை எழுப்பினவர் நம்மையும் எழுப்புவார் (6:13, 14). உடல் எழும் என்பதால் அதைக்கொண்டு செய்வதற்குக் கணக்கு உண்டு என்கிறார். உடல் ஒருமுறை கழற்றிப் போடும் கூடு என்றால் இந்த வாதமே நிற்காது.

எஸ்தர்

எல்லாருக்கும் நன்றி. 6-ஆம் அதிகாரத்தையும் 15-ஆம் அதிகாரத்தையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை. ஒரு சின்னக் கேள்வி. அதுவரைக்கும் மரித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

பெரோயா

சகோதரி, அது தனித் திரிக்குரிய கேள்வி. சுருக்கமாக: தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருப்பது அதிக நன்மை என்று பவுல் எழுதினார் (பிலிப்பியர் 1:23). ஆகவே அவர்கள் அவரோடு இருக்கிறார்கள். ஆனால் அது முடிவான நிலை அல்ல. போதகர் "போய்விட்டார்" என்றதில் எனக்கு வருத்தம் இல்லை. "சம்பந்தம் இல்லை" என்றதில்தான்.

சாலொமோன் மண்டபம்

இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதத் தோன்றியது.

எனக்குப் பிறவியிலேயே ஒரு கால் சூம்பிப்போனது. கைத்தடி இல்லாமல் பத்தடி நடக்க முடியாது. சின்ன வயதிலிருந்து என்னைப் பார்க்கிற விசுவாசிகள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "கவலைப்படாதே, பரலோகத்தில் ஓடுவாய்." அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஏசாயா 35:6-ஐயும் சொல்வார்கள், முடவன் மானைப்போல் குதிப்பான் என்று. ஆனால் இந்தக் காலோடுதான் நான் வளர்ந்தேன், படித்தேன், ஜெபிக்கக் கற்றேன், கல்யாணம் செய்தேன். இதன் வலியும் இதன் நடையும்தான் நான். இதை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தினால் எழுந்து ஓடுகிறவன் யார்?

இயேசுவின் உடலில் ஆணிக் காயங்கள் இருந்தன. தோமாவின் விரலை அங்கே வைக்கச் சொன்னார். உயிர்த்தெழுதல் எல்லாக் குறையையும் துடைத்துவிடும் என்றால் அவை ஏன் இருந்தன? பெரோயா அண்ணனும் சூசை ஐயாவும் பதில் சொன்னால் நல்லது. ஆவியின்வழி அண்ணனும் சொல்லலாம்.

சூசை

தம்பி, இந்தக் கேள்வியை அகுஸ்தீனும் தொட்டார். மறைசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர்கொடுத்தவர்களின் காயத்தழும்புகளை அவர்களுடைய உயிர்த்த உடலிலும் காண்போம் என்றே நினைக்கிறேன், அது அங்கே அவலட்சணமாக இராது, மாண்பாக இருக்கும் என்று எழுதினார். துண்டிக்கப்பட்ட உறுப்புகள் திரும்பக் கிடைக்கும் என்றும் அதே இடத்தில் சொன்னார். நீங்கள் மறைசாட்சி இல்லை என்பீர்கள். ஆனால் தழும்பு மகிமையோடு சேர்ந்து இருக்க முடியும் என்று அவர் ஒப்புக்கொண்டதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் மகிமையடைந்த உடலுக்கு நான்கு தன்மைகளைச் சொன்னார்: துன்பம் தீண்டாமை, நுண்மை, தடையில்லாத இயக்கம், ஒளி. இதில் எதுவும் இத்தனை அடி உயரம், இந்த வடிவம் என்று அளவு சொல்லவில்லை. உடல் ஆத்துமாவுக்கு முழுவதும் இசைந்து நிற்கும் என்பதே அதன் சாரம்.

பெரோயா

சாலொமோன் மண்டபம் தம்பி, வசனத்தை மீறி எதுவும் சொல்ல எனக்குத் துணிவில்லை. வசனம் சொல்வது இவ்வளவு: "கனவீனமுள்ளதாய் விதைக்கப்படும், மகிமையுள்ளதாய் எழுந்திருக்கும், பலவீனமுள்ளதாய் விதைக்கப்படும், பலமுள்ளதாய் எழுந்திருக்கும்." வலி இராது. பத்தடியில் நிற்க வேண்டியிருக்காது. அந்தக் கால் எந்த வடிவில் இருக்கும் என்று பவுல் சொல்லவில்லை. எப்படிப்பட்ட சரீரம் என்று துருவிக் கேட்டவனைப் "புத்தியீனனே" என்றுதான் அழைத்தார். ஆனால் எழுகிறவன் நீங்கள்தான். மகதலேனா மரியாள் முதலில் இயேசுவை அடையாளம் காணவில்லை. "மரியாளே" என்று கூப்பிட்டதும் கண்டுகொண்டாள். அவருக்கு அவளைத் தெரிந்திருந்தது, அவளுக்கு அந்தக் குரலைத் தெரிந்திருந்தது. அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகாது.

பழைய ஏடு

ஒரு குறிப்பு மட்டும். தானியேல் 12:2-இல் பூமியின் தூளில் நித்திரைபண்ணுகிறவர்கள் விழிப்பார்கள். மூன்றாம் வசனத்தில் ஞானவான்கள் நட்சத்திரங்களைப்போல் பிரகாசிப்பார்கள். தூளும் நட்சத்திரமும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கின்றன. பின்னால் மக்கபேயர் காலக் கதையில், சித்திரவதைக்கு முன்னால் ஒரு மகன் கைகளை நீட்டி, இவற்றைத் தேவனிடமிருந்து மீண்டும் பெறுவேன் என்கிறான் (2 மக்கபேயர் 7). யூத நம்பிக்கையில் இரண்டு போக்கும் ஒன்றாகவே வாழ்ந்திருக்கின்றன. பவுல் அந்த மரபில் வளர்ந்த பரிசேயர். இதே உடல் என்றும் முற்றிலும் மாறிய உடல் என்றும் ஒரே மூச்சில் பேச அவருக்குச் சிரமம் இருந்திருக்காது.

ஆவியின்வழி

தம்பி, நீங்கள் கேட்டதை நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் நிலை மாறவில்லை. பவுல் ஆவிக்குரிய சரீரம் என்று எழுதியதைச் சதைக்குள் அடக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நான் சொல்லும் புதிய உடலில் நீங்கள் காணாமல் போவீர்கள் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. உங்களை நீங்களாக வைத்திருப்பது உங்கள் கால் அல்ல, உங்களை அறிந்திருக்கிற தேவன். அவர் உங்களை எந்த உடலில் வைத்தாலும் அது நீங்களே. 2 கொரிந்தியர் 5:1-இல் பூமிக்குரிய கூடாரம் அழிந்தாலும் பரலோகத்தில் தேவனால் கட்டப்பட்ட நித்திய வீடு நமக்கு உண்டு என்கிறார். கூடாரம் ஒன்று, வீடு வேறொன்று. இதை யாராலும் ஒரே பொருளாக்க முடியாது.

சாலொமோன் மண்டபம்

ஆவியின்வழி அண்ணா, அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. தேவன் என்னை அறிந்திருக்கிறார் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. ஆனால் அவர் இந்தக் காலைத் தவிர்த்து என்னை ஒருநாளும் அறிந்ததில்லை.

2 கொரிந்தியர் 5-ஐ முதல் வசனத்தோடு நிறுத்திவிட்டீர்கள். நான்காம் வசனத்தில் போர்வை களைந்தவர்களாயிருக்க விரும்பவில்லை என்கிறார். களைவது வேண்டாம், மேலே தரித்துக்கொள்ள வேண்டும் என்பதே அவர் ஏக்கம். அதே தரிப்புதான் 1 கொரிந்தியர் 15:53-இலும் வருகிறது. கூடாரத்தையும் வீட்டையும் பற்றிப் பேசுகிற அதே மூச்சில் உடுப்பைப் பற்றியும் பேசுகிறார், இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

எனக்கு வேண்டியது இவ்வளவே. ஓடுவேனா, நடப்பேனா, அதை அவர் தீர்மானிக்கட்டும். ஆனால் எழுகிறபோது, விதைத்ததுதான் எழுந்தது என்று அம்மாவும் மனைவியும் என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெரோயா அண்ணா, 2 கொரிந்தியர் 5-க்குத் தனியாக ஒரு திரி தொடங்கிவிடுங்கள். முதல் வசனத்துக்கும் நான்காம் வசனத்துக்கும் நடுவில் ஆவியின்வழி அண்ணனோடு பேச வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.